வளைத்த குழாயா, வெட்டி ஒட்டிய தகடா? ரோலர் கோஸ்டர் தண்டவாளம் பற்றிய ஓர் ஒப்பீட்டு அலசல்

குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து அமர்ந்து செல்லும் நடுத்தர அளவு ரோலர் கோஸ்டர் ஒன்றின் எஃகுப் பாதையைச் செய்து தரும் பணி எங்கள் பட்டறைக்கு வந்தபோது, தண்டவாளத்தை எந்த முறையில் உருவாக்குவது என்பதை எங்களோடு கலந்து பேசியே முடிவு செய்ய வடிவமைப்பாளர் விரும்பினார். அவர் இரண்டு வரைபடங்களைத் தந்தார். ஒன்றில் தண்டவாளம் என்பது வளைத்த உருண்டைக் குழாய். மற்றொன்றில், கணினி கட்டுப்படுத்தும் சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டிய நான்கு தகடுகளை மூலைகளில் பற்றவைத்து உருவாக்கும் நீண்ட பெட்டி. இரண்டிலும் மாதிரித் துண்டுகளைச் செய்து பார்த்த பிறகு குழாயைத் தேர்ந்தோம். பற்றவைப்பின் ஒழுங்கும் ஆய்வும் என் பொறுப்பில் இருந்தவை; ஆகவே இந்த ஒப்பீடும் பற்றவைப்பவனின் பார்வையிலேயே அமைந்திருக்கும். குழாயின் பக்கம் நான் சாய்ந்திருப்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு முறைகளும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. குழாய்த் தண்டவாளம் 1959-இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட மேட்டர்ஹார்ன் பாப்ஸ்லெட்ஸுக்காக ஆரோ டெவலப்மென்ட் நிறுவனம் உருவாக்கியது. அதே நிறுவனம் 1975-இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் அமைத்த கார்க்ஸ்க்ரூ கோஸ்டரும், ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப் கட்டி வெர்னர் ஸ்டெங்கல் கணக்கிட்டு 1976-இல் மேஜிக் மவுண்டனில் திறக்கப்பட்ட ரெவல்யூஷனும், பயணியைத் தலைகீழாகத் திருப்பிக் கொண்டுவரும் வேலை எஃகுக் குழாயால் இயலும் என்பதை நிலைநாட்டின. தகட்டுப் பெட்டி மிகவும் பிந்தையது. பழைய மரக் கோஸ்டர் ஒன்றைப் புதுப்பிக்கும்போது ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் ஐ-பாக்ஸ் என்ற பெயரில் அதைப் பயன்படுத்தி, 2011-இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓவர் டெக்சாஸ் பூங்காவில் நியூ டெக்சாஸ் ஜயண்ட்டைத் திறந்தது. பின்னர் 2018-இல், பெட்டி வடிவிலான ஒற்றைத் தண்டவாளத்தின் மேலேயே வண்டி ஓடும் பாதைகளையும் அதே நிறுவனம் அமைத்தது.

பொதுவானவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். எஃகின் தரம் இரண்டு வரைபடங்களிலும் எஸ்355 என்ற கட்டுமான எஃகுதான். துண்டுகளை லாரியில் ஏற்றும் நீளத்திற்குப் பிரிப்பதும், முனைகளில் விளிம்புத் தகடு வைத்து உயர்வலுப் போல்ட்டுகளால் இணைப்பதும், மணல்வீச்சு முடித்துத் துத்தநாகம் கலந்த முதற்பூச்சு அடிப்பதும் இரண்டிலும் ஒன்றே. எடையிலும் முடிவை மாற்றும் அளவுக்கு வேறுபாடு இல்லை.

வேறுபாடு தொடங்கும் இடம் வடிவம். ரோலர் கோஸ்டரின் பாதை மேலும் கீழும் வளைகிறது, இடமும் வலமும் வளைகிறது, அத்தோடு தன் அச்சைச் சுற்றிச் சாய்கிறது. இந்தச் சாய்வைத் தண்டவாளத்தின் நடுக்கோட்டைச் சுற்றி வைக்காமல் பயணியின் நெஞ்சு இருக்கும் உயரத்தைச் சுற்றி வைப்பதே இன்றைய வழக்கம். ஆகவே இடத் தண்டவாளமும் வலத் தண்டவாளமும் நீளத்திலும் வளைவிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, ஒவ்வொன்றும் வெளியில் தனக்கெனத் தனிக்கோடு வரைந்துகொண்டு போகிறது. இங்கேதான் உருண்டைக் குழாயின் அருமை தெரிகிறது. குழாய்க்கு மேல்பக்கம், கீழ்பக்கம் என்று எதுவும் கிடையாது. அதை முறுக்கவே வேண்டியதில்லை. வளைக்கும் தளத்தை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே போனால், எத்தனை சிக்கலான கோடும் அதில் வந்துவிடும். பெட்டிக்கோ மேல்பக்கம் உண்டு, அந்த மேல்பக்கம் பாதை நெடுகச் சரியான கோணத்தில் சாய்ந்தாக வேண்டும்.

எங்கள் பட்டறையில் குழாய் வளைந்த விதத்தைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். குழாயின் வெளிவிட்டம் 139.7 மில்லிமீட்டர். அதன் முதுகில் நீளவாக்கில் ஒரு நேர்கோடு போட்டு, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு குறி வைத்து, குறியின் அருகே மூன்று எண்களை வெள்ளை மார்க்கரால் எழுதுவோம்: முனையிலிருந்து தொலைவு, குழாயைத் திருப்ப வேண்டிய கோணம், நடு உருளையை அழுத்த வேண்டிய அளவு. மூன்று உருளை இயந்திரத்தில் குழாய் மெல்ல நகரும்போது ஒருவர் கோணத்தைப் பார்த்துத் திருப்புவார், மற்றொருவர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பார். உருளையிலிருந்து வெளிவந்த குழாய் தன்னியல்பாகச் சிறிது நிமிர்ந்துகொள்ளும் என்பதால், வேண்டிய வளைவைவிடக் கூடுதலாகவே அழுத்த வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது ஒவ்வொரு வார்ப்புத் தொகுதிக்கும் சற்று மாறுவதால், புதிய தொகுதி வந்த நாளில் முதலில் ஒரு சோதனைத் துண்டை வளைத்து அளந்த பிறகே பாதைக்கான குழாயில் கை வைப்போம்.

குளிர்நிலையில் வளைத்தால் குழாயின் சுவர் மெலிந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். கணக்கு எளிது. வெளிப்புற இழையின் நீட்சி என்பது ஏறத்தாழக் குழாயின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்து வருவது. 10 மீட்டர் ஆர வளைவுக்கு அது 0.7 சதவீதம், 5 மீட்டருக்கு 1.4 சதவீதம். பாதையின் பெரும்பகுதிக்கு இது கவலைப்படத் தக்க அளவே இல்லை. குழாய் முட்டை வடிவில் நசுங்கினால்தான் சக்கரங்கள் அதை உணரும். ஆகவே உருளையின் பள்ளம் குழாயின் விட்டத்திற்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதில் நாங்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. தையல் இல்லாத குழாயையே வாங்கியதற்கும் காரணம் உண்டு. நீளவாக்கில் தையல் உள்ள குழாய் என்றால், அந்தத் தையலை வளைவின் இழுவிசை மிகுந்த பக்கத்திலும் சக்கரம் ஓடும் இடத்திலும் வராமல் ஒதுக்க வேண்டும்; வளையும் தளம் திரும்பிக்கொண்டே இருக்கும் ஒரு பாதையில் நெடுக அப்படி ஒதுக்க இயலாது.

வளைத்த குழாய்கள் இரண்டும் அச்சுச் சட்டத்தில் ஏறுகின்றன. நாங்கள் ஜிக் என்று சொல்லும் அந்தச் சட்டம், லேசர் கருவியால் அளந்து நிறுத்திய தூண்களின் மேல் ‘வி’ வடிவத் தாங்கிகளைக் கொண்டது. குழாய் எல்லாத் தாங்கிகளிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் வளைவு சரி. ஒன்றில் மட்டும் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் குழாய் மீண்டும் உருளைக்குப் போகும். பிறகு இரு குழாய்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களை வைத்து, ஆங்காங்கே டேக் எனப்படும் சிறு தற்காலிகப் பற்றவைப்பு அடித்து, இடைவெளியை அளந்து, முழுப் பற்றவைப்புக்குப் போக வேண்டும்.

இங்கே நாங்கள் ஒரு பாடம் கற்றோம். குறுக்குச் சட்டம் குழாயின் உட்பக்கத்தில் மட்டுமே ஒட்டுகிறது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, இரு குழாய்களையும் உள்நோக்கி இழுக்கிறது. பன்னிரண்டு சட்டங்கள் கொண்ட முதல் துண்டை வரிசையாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பற்றவைத்து முடித்து, மறுநாள் காலை அளவுகோல் சட்டத்தை வைத்தபோது, அது நடுப்பகுதியில் உள்ளே இறங்கவே இல்லை. இடைவெளி 3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அடுத்த துண்டிலிருந்து இடைவெளியை முன்கூட்டியே சற்று அகட்டி வைத்து, குழாய்களுக்கு நடுவே திருகு முட்டுகளைக் கொடுத்து, ஒன்று விட்டு ஒன்றாகச் சட்டங்களை மாற்றி மாற்றிப் பற்றவைத்தோம். இடைவெளி அளவுக்குள் நின்றது. துண்டைச் சுழற்றி நிறுத்தும் தாங்கி இருந்ததால், எந்தப் பற்றவைப்பையும் தலைக்கு மேலாகச் செய்ய வேண்டிய நிலையும் வரவில்லை.

இனி தகட்டுப் பெட்டி. இதை நான் மதிக்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தட்டையான தகட்டிலிருந்து வளைந்த ஓரத்தை வெட்டும் இயந்திரம் மிக நுணுக்கமாக வெட்டுகிறது. தகட்டின் தளத்திலேயே அமையும் வளைவு முழுவதும் வெட்டிலேயே வந்துவிடுகிறது. அதற்குச் செங்குத்தான திசையில் அமையும் வளைவுக்குத் தகட்டை அதன் மெல்லிய பக்கமாக வளைத்தால் போதும், அது எளிது. குழாய் வளைப்பவரின் கைப்பழக்கத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. தகடுகளில் பல்லும் பள்ளமும் வெட்டி வைத்தால், அவை ஒன்றோடொன்று பொருந்தித் தாமாகவே வடிவத்திற்கு வந்து நிற்கின்றன. சக்கரம் ஓடும் பரப்பு தட்டையாக இருப்பதால், பாலியூரித்தேன் சக்கரத்தின் முழு அகலமும் தண்டவாளத்தைத் தொடுகிறது; உருண்டைக் குழாயின் மேல் அது சிறிய நீள்வட்டமாக மட்டுமே தொடும் என்பதால் சக்கரத்தின் மேல் அழுத்தம் கூடும். சக்கரத் தேய்மானத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் நான் பெட்டியையே சொல்வேன்.

நாங்கள் பெட்டி முறையில் செய்தது இரண்டு மாதிரித் துண்டுகள் மட்டுமே. அவற்றில் முறுக்கு அதிகமான துண்டின் நான்கு மூலைப் பற்றவைப்புகளையும் நீளவாக்கில் சமமாகப் பகிர்ந்து, பின்னோக்கித் தாவித் தாவிப் பற்றவைத்தும், அது ஆறிய பிறகு வாழைப்பழம் போலச் சற்று வளைந்து நின்றது. இதே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்பவர்களின் கையில் அப்படி நிற்காது என்றே நம்புகிறேன். ஆகவே அந்தக் குறையை வைத்துப் பெட்டியை நான் தள்ளவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: பாதை திறந்த பிறகு, பற்றவைப்பில் விரிசல் விழுந்தால் அது எங்கே தொடங்கும், பராமரிப்பவர் கண்ணுக்கு அது எப்போது தெரியும்?

ரோலர் கோஸ்டர் தண்டவாளம் ஒரே சுமையில் முறிந்துவிடும் பொருளன்று. அதைக் கெடுப்பது உலோகச் சோர்வு, அதாவது சிறு சுமை திரும்பத் திரும்ப விழுவதால் மெல்ல வளரும் விரிசல். எடுத்துக்காட்டாக, மணிக்கு 40 சுற்று, நாளுக்கு 10 மணிநேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடும் பாதையில் வண்டித்தொடர் ஓராண்டில் 1,20,000 முறை கடக்கிறது. தொடரில் ஆறு அச்சுகள் இருந்தால், தண்டவாளத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஆண்டுக்கு 7,20,000 முறை அழுத்தப்பட்டு விடுபடுகிறது. பற்றவைப்பு விவரங்களின் சோர்வுத் தாங்குதிறனை எஃகுக் கட்டுமானத்திற்கான ஐரோப்பிய விதிநூலான யூரோகோட் 3-இன் 1-9 பகுதி, 20 லட்சம் சுழற்சிக்குச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வகைப்படுத்துகிறது. நம் எடுத்துக்காட்டுப் பாதை அந்த 20 லட்சத்தை மூன்றாண்டு நிறைவதற்கு முன்பே தாண்டிவிடும். அத்தோடு, ஆயுள் என்பது தகைவு வீச்சின் (ஒவ்வொரு சுழற்சியிலும் உலோகத்தின் உள்விசை ஏறி இறங்கும் அளவின்) மூன்றாம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. வீச்சு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகிறது. விலையுயர்ந்த உயர்வலு எஃகை வாங்குவதும் இங்கே கைகொடுக்காது, ஏனெனில் பற்றவைப்பின் ஓரத்தில் விரிசல் வளரும் வேகம் எஃகின் வலுவைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

அந்த விதிநூலின் அட்டவணையை மேலோட்டமாகப் பார்த்தால் பெட்டிதான் முந்துகிறது. நீளவாக்கில் ஒரு பக்கத்திலிருந்து இடும் பெட்டி மூலைப் பற்றவைப்பு 100 என்ற வகையில் வருகிறது. குழாயின் மேல் குறுக்காக ஒட்டும் சட்டமோ, பற்றவைப்பையும் சேர்த்து அதன் நீளம் 50 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 80, அதைத் தாண்டி 80 மில்லிமீட்டர் வரை என்றால் 71. மூன்றாம் அடுக்கு விதிப்படி 100-க்கும் 80-க்கும் நடுவே ஆயுளில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபாடு. எங்கள் வடிவமைப்பாளரும் முதலில் இதைச் சுட்டிக்காட்டியே பெட்டியைப் பரிந்துரைத்தார்.

ஆனால் பெட்டிக்கும் குறுக்குச் சட்டங்கள் வேண்டும். அவற்றைப் போல்ட் போட்டு இணைத்தாலொழிய, அதே 80-உம் 71-உம் அங்கேயும் வந்து சேர்கின்றன. அதைவிட முக்கியமானது, எங்களுக்குத் தரப்பட்ட வரைபடத்தில் சக்கரம் ஓடும் மேல் தகடு, பக்கத் தகட்டைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. வண்டி மேலெழும்பாமல் பிடிக்கும் கீழ்ச்சக்கரம் அந்த நீட்சியின் அடியில்தான் ஓட வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு சக்கரமும் அந்த நீட்சியை அழுத்தும்போது மூலைப் பற்றவைப்பு திறந்து மூடும் கீல் போல வேலை செய்கிறது. அந்தத் திசையில் வேரில், அதாவது பற்றவைப்பின் அடியாழத்தில், தொடங்கும் விரிசலுக்கு, தகட்டின் முழுத் தடிமனும் உருகி ஒட்டாத (முழு ஊடுருவல் இல்லாத) பற்றவைப்பு என்றால், அதே விதிநூல் தரும் வகை 36 மட்டுமே. ஒரே அளவு தகைவு வீச்சுக்கு, 100 என்ற வகைக்கும் 36 என்ற வகைக்கும் நடுவே ஆயுள் வேறுபாடு இருபது மடங்குக்கும் மேல்.

முழு ஊடுருவலோடு பற்றவைத்தால் இந்தக் குறை தீரும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெட்டியின் கடைசி மூடுதகட்டை வெளியிலிருந்து மட்டுமே பற்றவைக்க முடியும். உள்ளே அடிப்பட்டை வைத்தாக வேண்டும், தகடுகள் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், வேர் சரியாக உருகியதா என்பதை மீயொலிக் கருவியால் மீட்டர் மீட்டராகத் தேட வேண்டும். எங்கள் மாதிரித் துண்டுகளில் ஒன்றை ரம்பத்தால் குறுக்கே அறுத்து, முகத்தை மெருகிட்டு, அமிலம் தடவிப் பார்த்தோம். வெளியில் மீன்செதில் போல ஒரே சீராக அழகாகப் படிந்திருந்த பற்றவைப்பின் அடியில், வேரில் நூலளவு கருங்கோடு ஒன்று உருகாமல் நின்றது. வெளியிலிருந்து பார்த்தபோது அந்தப் பற்றவைப்பில் நான் குறை எதையும் கண்டிருக்கவில்லை. அந்தத் துண்டை இன்றும் என் மேசையில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கருங்கோட்டிலிருந்து விரிசல் வளர்ந்தால், அது பெட்டியின் உள்ளேயிருந்து வெளியே வரும். வெளிப்பரப்பை எட்டும் வரை, காலையில் விளக்கோடு பாதை நெடுக நடந்து பார்க்கும் பராமரிப்பாளருக்கு அது தெரியாது. எட்டும்போது அதன் ஆயுளில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். குழாயில் நிலைமை நேர்மாறானது. தையலில்லாக் குழாயில் நாங்கள் இட்ட பற்றவைப்பு எல்லாமே வெளிப்புறத்தில் இருக்கிறது. சட்டத்தின் அளவைச் சரியாக வைத்தால், சோர்வு விரிசல் பற்றவைப்பின் ஓரத்தில், குழாயின் வெளித்தோலில் தொடங்கும். முதலில் வண்ணப்பூச்சு மயிரிழையாகப் பிளக்கும், பிறகு அந்தப் பிளவில் துரு கசிந்து பழுப்புக் கோடாகத் தெரியும். ஐயம் வந்த இடத்தில் பூச்சைச் சுரண்டி, வெள்ளைப் பின்னணிப் பூச்சு அடித்து, எஃகைக் காந்தமாக்கும் கைக்கருவியான காந்த நுகத்தை வைத்துக் கரிய காந்த மையைத் தெளித்தால் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும்.

வெளியில் தெரிகிற விரிசல் எத்தனை மதிப்புடையது என்பதற்கு 2023 ஜூன் இறுதியில் அமெரிக்காவின் கரோவிண்ட்ஸ் பூங்காவில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அங்குள்ள ஃபியூரி 325 என்ற கோஸ்டரின் தாங்கு தூண் ஒன்றில் விரிசல் விழுந்திருந்ததை ஒரு பார்வையாளர் தரையிலிருந்தே கண்டு தெரிவித்தார். இயக்கம் நிறுத்தப்பட்டது, ஒருவருக்கும் காயமில்லை. அது தூண், தண்டவாளம் அன்று. ஆயினும் விரிசல் கண்ணுக்குப் படும் இடத்தில் இருந்ததால்தான் அது கண்டுகொள்ளப்பட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு, குழாயின் பற்றவைப்பு ஓரங்களை நாங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தேர்வின் பயன் அங்கேதான் நிற்கிறது. அண்டர்கட் எனப்படும் ஓரப் பள்ளத்திற்கு பற்றவைப்புத் தரத்திற்கான ஐ.எஸ்.ஓ. 5817 நெறிமுறையின் மிகக் கண்டிப்பான ‘பி’ தரத்தையே எல்லை வைத்தோம்: தடிமனில் இருபதில் ஒரு பங்குக்குள், எப்படியும் 0.5 மில்லிமீட்டரைத் தாண்டாமல். சட்டத்தின் மூலையில் பற்றவைப்பை நிறுத்தாமல் சுற்றிக் கொண்டுபோய், தொடக்கமும் முடிவும் தகைவு குறைந்த இடத்தில் விழும்படி செய்தோம். வளைவு கூடிய துண்டுகளில் ஓரத்தைச் சிறு உருளைக் கல்லால் தேய்த்து மழுக்கினோம். காந்தத்துகள் ஆய்வைப் பற்றவைத்து 48 மணிநேரம் கழித்தே செய்தோம், ஏனெனில் ஹைட்ரஜனால் வரும் விரிசல் சில வேளைகளில் ஆறிய பிறகு தாமதமாகவே வாய் திறக்கும்.

துரு விஷயத்தில் இரண்டு முறைக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண். இரண்டும் உள்ளீடற்றவை. முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் சிறிதளவு காற்றில் துரு வளர்வதற்கு அதிகம் இடமில்லை. ஊசித்துளை ஒன்று இருந்துவிட்டால், பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அது ஈரத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியில் அடைக்க வேண்டிய தையலின் நீளம் பலமடங்கு அதிகம் என்பதால் என் கவலை அங்கே சற்றுக் கூடுதல். ஆனால் எங்கள் பாதை ஓடத் தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. உட்துருவைப் பற்றி உறுதியாகப் பேச அந்தக் காலம் போதாது.

நடுவழி ஒன்றும் உண்டு. சக்கரம் ஓட உருண்டைக் குழாய், சுமையைத் தூண்களுக்குக் கொண்டுசெல்லத் தகட்டால் ஆன பெட்டி முதுகெலும்பு என்று இரண்டையும் சேர்ப்பது. பொல்லிகர் மாபியார் நிறுவனத்தின் பாதைகளில் காணப்படுவது இந்த அமைப்பே. சக்கரம் நேரடியாக அழுத்தாத முதுகெலும்பில் மூலைப் பற்றவைப்பு கீல் போல அசையாது என்பதால், பெட்டியைப் பற்றி நான் சொன்ன முதன்மைக் குறை அங்கே பெரிதும் நீங்குகிறது. எங்கள் பாதையில் தாவல்கள், அதாவது தூணுக்குத் தூண் இடைவெளிகள், சிறியவையாக இருந்ததால் முதுகெலும்புக்கும் குழாயே போதுமாயிற்று. தூண்களுக்கு இடைப்பட்ட தொலைவு கூடியிருந்தால் இந்த நடுவழிக்கே போயிருப்போம்.

ஏற்கெனவே நிற்கும் மரச்சட்டகத்தின் மேல் எஃகுப் பாதை வைக்க வேண்டியவர்களுக்கு என் முடிவு பொருந்தாது. அங்கே தாங்கிகள் நெருக்கமாக இருக்கின்றன, தாவல் சிறியது, தட்டையான அடி மரத்தின் மேல் இயல்பாக உட்காரும். பெட்டியே அங்கே சரி. அதைத் தேர்பவர்கள் பற்றவைப்பாளரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். உற்பத்தி தொடங்கும் முன் அதே தகடு, அதே கம்பி, அதே மின்னோட்டம், அதே பற்றவைப்பாளர் என்று வைத்து ஒரு மீட்டர் மாதிரி செய்யச் சொல்லி, அதை மூன்று இடங்களில் குறுக்கே அறுத்து, வேரைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எங்கள் பாதையின் இரண்டாம் ஆண்டு ஆய்வில், முதல் இறக்கத்தின் அடியில் உள்ள துண்டில், ஏழாவது சட்டத்தின் ஓரத்தில் பூச்சு மயிரிழையாகப் பிளந்திருந்ததைப் பராமரிப்பாளர் காலை நடையில் கண்டார். சுரண்டிப் பார்த்தபோது 11 மில்லிமீட்டர் நீள விரிசல். அதைத் தேய்த்து எடுத்து, முன்சூடு கொடுத்து, மீண்டும் பற்றவைத்து, ஓரத்தை மழுக்கினோம். அதன் இருபுறமும் உள்ள சட்டங்களையும், அதே வளைவு கொண்ட மற்ற துண்டுகளையும் காந்த மையால் சோதித்தோம். வேறெங்கும் எதுவும் இல்லை. அந்த ஏழாவது சட்டம் இப்போது ஆறு மாதத்திற்கு ஒருமுறை பூச்சு நீக்கிப் பார்க்கும் பட்டியலில் இருக்கிறது.